ஏழாவது செல் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: பழைய ஸ்கூட்டர் ஒன்றை மின்சார வண்டியாக மாற்றி ஓட்டுகிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 16, வரிசையாக இணைத்த பேக். பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் போர்டு) என் கைவேலைதான். செல் கண்காணிக்கும் சிப் ஒன்று, மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, நிரல் முழுக்க நானே எழுதியது. வண்டி நிற்கும்போது எல்லா செல்லும் 3.31 வோல்ட். முறுக்கிப் பிடித்து 80 ஆம்பியர் இழுத்தால் மற்றவை 3.15-க்கு இறங்குகின்றன, ஏழாவது மட்டும் 2.60-க்குப் பாய்கிறது, பி.எம்.எஸ். கட் செய்துவிடுகிறது. ஏழாவதை மாற்றிப் பார்த்தேன். புதிய செல்லும் அதே ஆட்டம் ஆடுகிறது. இதுவும் பழுதா?

பதில்: அடுத்தடுத்து இரண்டு செல்லுக்கு ஒரே நோய் வருவது அபூர்வம். இரண்டும் குடியிருந்த இடத்தைப் பாருங்கள். செல்லை மாற்றியிருக்கிறீர்கள், செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரையும் போல்ட்டையும் மாற்றியதாக எழுதவில்லையே!

கணக்கு போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். மற்ற செல்களைவிட ஏழாவது 0.55 வோல்ட் கூடுதலாக இறங்குகிறது. 80 ஆம்பியரால் வகுத்தால் கிட்டத்தட்ட 7 மில்லி ஓம். நல்ல இறுக்கமான இணைப்பில் ஒரு மில்லி ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த 0.55 வோல்ட்டை 80 ஆம்பியரால் பெருக்குங்கள்: 44 வாட். நடுத்தர சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பேக்குக்குள் செருகிக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். எனவே இதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

செல்லின் வோல்ட்டை அளக்க பி.எம்.எஸ்.-க்குப் போகும் சென்ஸ் வயர் தளர்ந்திருந்தாலும் இப்படிக் காட்டாதா என்று கேட்பீர்கள். காட்டும், ஆனால் வேறு மாதிரி. ஒரு சென்ஸ் வயர் இரண்டு செல்லுக்குப் பொது. அது பொய் சொன்னால் ஒரு செல் எவ்வளவு குறைகிறதோ, பக்கத்து செல் அவ்வளவு ஏறும். இரண்டையும் கூட்டினால் தொகை மாறாது. உங்கள் ஆறாவதும் எட்டாவதும் மற்றவற்றோடு சேர்ந்து 3.15-லேயே நிற்கின்றன. ஆகவே வோல்ட் உண்மையாகவே தொலைகிறது, மின்சாரம் ஓடும் பாதையில்.

சோதிக்க வண்டியை ஓட்டத் தேவையில்லை, சார்ஜில் போடுங்கள். 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் 7 மில்லி ஓமில் 70 மில்லிவோல்ட் விழும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஏழாவது செல்லின் டெர்மினல் உலோகத்தின் மேலேயே வையுங்கள். போல்ட் தலையில் வேண்டாம். மறுமுனையைப் பஸ்பாரில். நல்ல இணைப்பு ஒரு மில்லிவோல்ட்டைத் தாண்டாது. ஏழாவதன் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பக்கமும், அதோடு ஆறாவது, எட்டாவது செல்களின் அடுத்த முனைகளிலும் பாருங்கள். சென்ஸ் வயரின் லக் (நுனியில் உள்ள வளையம்) பஸ்பாரின் எந்த முனையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, பக்கத்து செல்லின் மோசமான இணைப்பும் ஏழாவதன் கணக்கில் சேரும்.

என் ஊகம் போல்ட் மேல்தான். குருட்டுத் துளை (அடி மூடிய துளை) உள்ள செல்லில் போல்ட் ஒரு மில்லிமீட்டர் நீளமாகிவிட்டால் போதும், நுனி அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு நல்ல இறுக்கம் தெரியும். பஸ்பார் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். நான் ஒரு வாரம் நிரலைத் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் பஸ்பாரை விரலால் நெம்பியபோது அது அசைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. அப்புறம் டெர்மினலும் அலுமினியம். மேலே படியும் ஆக்சைடைத் தேய்த்து எடுத்த கையோடு இணைக்க வேண்டும். வாஷர் பஸ்பாருக்கு மேலே வரவேண்டும், கீழே அல்ல. இறுக்கம் செல் தயாரிப்பாளர் சொன்ன அளவு. கைக்கு வந்தபடி இறுக்கினால் மரை கழன்றுவிடும்.

கழற்றும் முன் ஒன்று. சார்ஜரையும், மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலரையும் பிரித்துவிட்டு, சென்ஸ் பிளக்கைப் போர்டிலிருந்து உருவிவிட்டுத்தான் பஸ்பாரில் கைவைக்க வேண்டும். கண்ட்ரோலர் மாட்டியிருக்கும்போது நடுவில் ஒரு பஸ்பாரைத் திறந்தால், 50 வோல்ட்டுக்கு மேல் மொத்தமும் அந்த இடைவெளியில் தலைகீழாக வந்து நிற்கும். அதன் இரு பக்கச் சென்ஸ் வயரும் சிப்புக்குத்தானே போகின்றன? என் முதல் போர்டு கருகியது இப்படித்தான். ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், மோதிரம் இருந்தால் கழற்றுங்கள்.

சரிசெய்த பிறகும் ஏழாவது செல் கொஞ்ச காலம் முரண்டு பிடிக்கலாம். சார்ஜ் ஏறும்போது அதே 7 மில்லி ஓம் எதிர்ப்பக்கம் வேலை செய்திருக்கும், மற்றவை 3.50-ல் இருக்கையில் ஏழாவது 3.57 காட்டியிருக்கும். உங்கள் நிரல் அதை நிறைந்த செல் என்று நம்பி பேலன்சிங்கில், அதாவது எல்லா செல்லையும் சமமாக்கும் வேலையில், வடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஆக, அது உண்மையில் மற்றவற்றைவிடக் காலியான செல். நிற்கும்போது 3.31 காட்டுகிறதே என்று ஏமாறவேண்டாம். இந்த வகை செல்லின் வோல்ட் நடுவில் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், அதை வைத்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏழாவதை மட்டும் தனியாக, ஒற்றைச் செல் சார்ஜரில் 3.65 வரை ஏற்றிவிடுங்கள். கழற்றிவைத்த பழைய செல்லையும் எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் குற்றம் இல்லாமலே இருக்கலாம்.

கேள்வி: சார்ஜ் முடியப்போகும் நேரத்தில் என் பி.எம்.எஸ். ஐந்தாவது செல்லில் பேலன்சிங்கைத் தொடங்கியதும், அந்த செல் 3.50-லிருந்து 3.30-க்கு விழுகிறது, நான்காவதும் ஆறாவதும் 3.60-க்கு ஏறுகின்றன. உடனே அவற்றில் பேலன்சிங் தொடங்குகிறது. இப்படியே மாறி மாறி விடியவிடிய நடக்கிறது. செல்லை வடிக்கும் ரெசிஸ்டர் 33 ஓம்.

பதில்: செல்கள் அசையாமல்தான் இருக்கின்றன, உங்கள் அளவுகோல் ஆடுகிறது. 33 ஓம் வழியாகக் கிட்டத்தட்ட 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதே சென்ஸ் வயர்கள் வழியாகத்தான் அளக்கவும் செய்கிறீர்கள். வயருக்கு ஓர் ஓம் இருந்தால் 0.1 வோல்ட் விழும். ஐந்தாவதுக்கு இரண்டு வயர், எனவே 0.2 குறைவு, அண்டை செல்களுக்கு ஆளுக்கு 0.1 கூடுதல். நீங்கள் எழுதிய எண்கள் அப்படியே பொருந்துகின்றன.

நிரலில் மாற்றுங்கள்: எல்லா பேலன்சிங்கையும் நிறுத்தி, சிப் புதிதாக ஒரு முழு அளவீட்டை எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, அதைப் படித்து, பிறகு மறுபடி தொடங்கட்டும். அரை மீட்டர் வயருக்கு ஓர் ஓம் என்பதும் அதிகம்தான். தானாக ரீசெட் ஆகும் சின்ன ஃபியூஸ் வைத்திருந்தால் அதுவே ஓர் ஓம் காட்டும், அது குற்றமில்லை. இல்லையென்றால் பிளக்கின் பின்களை வயரோடு மறுபடி அழுத்திப் பிடிக்கவையுங்கள் (கிரிம்ப்).

கேள்வி: சாவியைத் திருப்பியதும் 'ஷார்ட் சர்க்யூட்' என்று கட் ஆகிறது. எங்கும் ஷார்ட் இல்லை. நிரலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டேன், இப்போது நன்றாக ஓடுகிறது. சரிதானே?

பதில்: சரியில்லை. கட் ஆனதற்குக் காரணம் கண்ட்ரோலருக்குள் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர். காலிக் கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் போலத்தான் நடந்துகொள்ளும். பி.எம்.எஸ். சொன்னது உண்மை, நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள். இப்போது ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் அந்த அடியை பி.எம்.எஸ்.-இன் மின்னணு சுவிட்சுகளான மாஸ்ஃபெட்கள் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ப்ரீசார்ஜ் வையுங்கள், அதாவது கெப்பாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிறைக்கும் வழி. 100 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வழியாக 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அரை விநாடியில் 99 சதவீதம் நிறைந்துவிடும். அதன் பிறகு பிரதான மாஸ்ஃபெட் திறக்கட்டும். நேரத்தை மட்டும் நம்பாமல் கண்ட்ரோலர் பக்க வோல்ட்டையும் அளந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஹெட்லைட் போன்ற ஏதாவது அதே கோட்டில் எரிந்துகொண்டிருந்தால் வோல்ட் முழுதாக ஏறாது.

அடுத்து, மாஸ்ஃபெட்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். செத்த மாஸ்ஃபெட் பெரும்பாலும் பாதை அறுந்து சாவதில்லை, ஒட்டிக்கொண்டு சாகும். நிரல் 'ஆஃப்' என்று காட்டும், மின்சாரம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிஸ்சார்ஜை ஆஃப் செய்துவிட்டு, கண்ட்ரோலரைக் கழற்றி, வெளியீட்டில் பேக்கின் வோல்ட்டைத் தாங்கும் பல்பு ஒன்றை மாட்டுங்கள். வெறும் மல்டிமீட்டர் போதாது. துளிக் கசிவுக்கும் முழு வோல்ட் காட்டிக் குழப்பும். பல்பு எரிந்தால் இணையாக உள்ள எல்லா மாஸ்ஃபெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அடிபட்டிருக்கும். புதியவை போட்டதும், அவற்றைத் திறக்கும் 'கேட்' முனைக்கு 10 வோல்ட்டாவது போகிறதா என்று பாருங்கள். மைக்ரோகண்ட்ரோலரின் 3.3 வோல்ட்டை நேராகக் கொடுத்திருந்தால் அவை அரைகுறையாகத் திறந்து, சூட்டிலேயே போய்விடும். பல்பு எரியாவிட்டாலும், எடுத்துவிட்ட அந்த வரியை நிரலில் திரும்பச் சேர்த்த பிறகுதான் சாவியைத் தொடவேண்டும்.