கல்யாணம் ஆகாத புள்ளி

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர், வேலை சென்னையில். ஒரு ஹோட்டல் பாரில், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்று நடக்கும் ஓபன் மைக்கில் போன மாதம் முதல் முறையாக ஸ்டாண்ட்-அப் காமெடி செய்தேன். எங்கள் வீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு டேபிளில் பில் கேட்டார்கள். விட்டுவிடலாமா? அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இது எதுவும் தெரியாது. பேசியதை எழுதி இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம்

பதில்: விடாதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பியதைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு வாசித்தேன். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு என்றால் என்ன, வளவு என்றால் என்ன, இரண்டாம் கட்டு எங்கே இருக்கும் என்று சொல்லி முடிக்கவே இரண்டரை நிமிடம் போய்விடுகிறது. பாருக்கு வந்தவர்கள் உங்களைக் கேட்க மட்டும் வந்தவர்கள் இல்லை. வேலை முடித்து நண்பர்களோடு உட்கார்ந்து, சைடு டிஷ் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். முதல் அரை நிமிடத்தில் ஒரு சிரிப்பு வராவிட்டால் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உங்களிடம் சரக்கு இருக்கிறது. புள்ளி விஷயத்தை நான்காவது நிமிடத்தில், கோயில் வரிக் கணக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்து முதலில் வையுங்கள். "எங்க ஊர்ல கல்யாணம் ஆன ஜோடியைத்தான் ஒரு புள்ளின்னு எண்ணுவாங்க. மெட்ராஸ்ல பெரிய புள்ளி ஆகணும்னு வந்தேன். ஊர்ல நான் இன்னும் புள்ளியே இல்லை." இவ்வளவு போதும். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுக்குள் கால் வைக்காதவருக்கும் இது புரியும்.

அப்புறம் அப்பத்தா. அவரைக் கஞ்சம் என்று மூன்று இடத்தில் சொல்கிறீர்கள். அந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். வைவது போலத்தான் கேட்கிறது, சிரிப்பு வரவில்லை. ஆனால் விருந்து முடிந்ததும் பேர் வெட்டின எவர்சில்வர் கரண்டிகளை வளவு முற்றத்தில் பரப்பி எண்ணுவார், ஒன்று குறைந்தால் எச்சில் இலைக் குவியலைக் கிளறச் சொல்வார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே நான் சத்தமாகச் சிரித்தேன். கிளறியது யார்? நீங்கள்தானே? கையில் என்னென்ன ஒட்டியது, அப்பத்தா எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். அவர் மேல் உங்களுக்கு இருக்கிற பிரியமும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த முறை போனில் பதிவு செய்து, எங்கே சிரித்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரே பேச்சைப் பத்து இடத்தில் பேசித் திருத்தத்தான் ஓபன் மைக் இருக்கிறது.

அப்பச்சிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். யாராவது வீடியோ எடுத்து, அது வாட்ஸ்அப்பில் சுற்றிப் பள்ளத்தூருக்கு வந்து அவர் பார்த்தால் மனம் நொந்துபோவார். மேடையில் சிரிக்க வைப்பது அவருக்குப் புதிதா என்ன? காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியது 1939-ல். குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களைக் கேட்ட தலைமுறை அவருடையது. அவருக்கு உறுத்தப்போவது பார் என்ற சொல்தான். பல்லவன் ரயிலில் ஊருக்குப் போகும்போது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பேசத்தான் போனேன் அப்பச்சி" என்று ஆரம்பியுங்கள். குடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். குடித்திருந்தால் பொய் வேண்டாம். அப்பத்தாவைப் பற்றிப் பேசியதை அப்பச்சியிடமே பேசிக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரி எதுவோ, அதை எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. நேரம் முடியப்போகிறது என்று பின்னாலிருந்து லைட் காட்டும்போது பேசுவதற்கு உங்களிடம் முடிவே இல்லை, நன்றி சொல்லி இறங்கிவிடுகிறீர்கள். அந்தக் கரண்டி கடைசியில் கிடைத்ததா இல்லையா?