நோக்கும் விலக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மாலையில் நான்தான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஏற்காட்டுப் பேருந்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தபோது, "இதுதான் மையவிலக்கு விசை; மையநோக்கு விசையின் எதிர்விசை" என்றேன். அவளோ, "இரண்டும் சமமாகவும் எதிராகவும் இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுமே, பிறகு பேருந்து எப்படித் திரும்புகிறது?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கேள்வி சரியானது. பிழை விளக்கத்தில் இருக்கிறது. (எனக்கும் பள்ளியில் உங்களைப் போலத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.) விசைகள் உண்மையிலேயே ஈடாகியிருந்தால் பேருந்து திரும்பாமல் நேராகச் சென்று தடுப்புச் சுவரில் மோதியிருக்கும்.

நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் எதிர்விசை எப்போதும் வேறொரு பொருளின் மீதே செயல்படும். நீங்கள் வளைவின் வெளிப்பக்க ஜன்னலோரம் அமர்ந்திருந்ததாகக் கொள்வோம். பேருந்து திரும்பத் தொடங்கியதும் உங்கள் உடல், முதல் விதிப்படி, அதுவரை சென்ற திசையிலேயே செல்ல முற்படுகிறது. பேருந்தின் பக்கச்சுவரோ திரும்பி வந்து உங்கள் தோளில் முட்டி, உங்களை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. அதுவே மையநோக்கு விசை. அதன் எதிர்விசை நீங்கள் சுவரை வெளிநோக்கி அழுத்துவது. அது சுவரின் மீது செயல்படுகிறதே தவிர உங்கள் மீது அன்று. ஒரே பொருளின் மீது செயல்படாத இரண்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியாது. இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டோடும் ஆரஞ்சுப் பழத்தை வெளிப்பக்கமாக யாரும் தள்ளவில்லை. அது ஏறத்தாழ நேராகவே போகிறது, பேருந்துதான் அதை விட்டுத் திரும்புகிறது.

அப்படியானால் மையவிலக்கு விசை என்று ஒன்று இல்லவே இல்லையா? பேருந்தையே அசையாத உலகமாகக் கொண்டு கணக்கிட விரும்பினால் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். அந்தக் குறிப்பாயத்தில், அதாவது பேருந்துக்குள்ளிருந்து பார்க்கும் பார்வையில், நீங்கள் ஓய்வில் இருப்பதால் இரு விசைகளும் ஈடாவதே முறை. உங்கள் மகள் சொன்ன ஈடுசெய்தல் அங்கே உண்மை, ஆனால் அங்கே நீங்கள் திரும்பவும் இல்லை. சாலையோரம் நின்று பார்ப்பவரின் கணக்கில் ஒன்றையும் பேருந்துக்குள் இருப்பவரின் கணக்கில் இன்னொன்றையும் எடுத்து ஒரே படத்தில் வரைவதால்தான் இந்தக் குழப்பம் பிறக்கிறது. மையவிலக்கு விசைக்குப் 'போலி விசை' என்று பெயர் வைத்தது எனக்கு உவப்பானதில்லை. தோளில் வலி கண்ட மாணவரிடம் அது போலி என்றால் அவர் பாடத்தைத்தான் சந்தேகிப்பார்.

பெயர்களுக்கும் இதில் பங்குண்டு. 'மையவிலக்கு' என்பது 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் வைத்த பெயர். அதற்கு இணையாகவே நியூட்டன் 'மையநோக்கு' என்ற சொல்லை உருவாக்கி, 1687இல் வெளிவந்த தம் பிரின்சிப்பியா நூலில் கையாண்டார். சொற்கள் இரட்டையாக இருப்பதால் விசைகளும் இரட்டை என்று நினைத்துவிடுகிறோம்.

பேருந்தைத் திருப்புவது எது என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்பாள். சக்கரங்களுக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான். வளைவின் ஆரம் 10 மீட்டர், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்க, முடுக்கம் 2.5 மீ/வி² வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 நியூட்டன் விசை தேவை. வேகத்தை இரட்டித்தால் தேவையான உராய்வு நான்கு மடங்காகிறது. சாதாரண டயர்கள் காய்ந்த சாலையிலேயே அதைத் தருவது அரிது, மழையில் சொல்லவே வேண்டாம். தவிர, பிரேக் பிடிக்கவும் திரும்பவும் டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம்தான். மலையிலிருந்து இறங்கும்போது கவனியுங்கள்: அனுபவமுள்ள ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது வளைவுக்குள் அன்று, வளைவுக்கு முன்பே.