கைக்குழந்தையுடன் வருபவர்களை விமான நிலைய வரிசையில் முன்னால் விடுவது சரியா?

சரிதான். முன்னுரிமை என்பது ஊழியர்களே குடும்பங்களைத் தனி வரிசைக்கோ முன்பக்கத்துக்கோ அனுப்புவது. நாமாக இடையில் புகுவது அல்ல.

இரக்கம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைத் தள்ளுவண்டியிலிருந்து தூக்க வேண்டும், வண்டியை மடித்து எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். இயந்திரத்துக்குள் நுழையாத வண்டியைக் கையால் சோதிப்பார்கள். கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு உள்ள இடங்களிலும் குழந்தைக்கான பாலுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைத் தனியாகப் பரிசோதிப்பார்கள். மலை ஏற்றத்தில் பாரலாரிக்குத் தனித்தடம் விடுவது போலத்தான்: மெதுவாகப் போவதை ஒதுக்கினால் பின்னால் வருபவை தேங்காது. பசித்து அழும் குழந்தையிடம் இன்னும் அரை மணி நேரம் பொறு என்று சொல்லவும் முடியாது, பாவம்.

வரிசையின் தொடக்கத்திலேயே ஊழியரிடம் கேளுங்கள்; பாதி தூரம் நின்றபின் கேட்டால் நகர்வது சிரமம். பால் புட்டிகளைத் தனிப் பையில், கைக்கு எட்டும்படி வையுங்கள். வண்டியின் கீழ்க்கூடையை முன்பே காலி செய்யுங்கள், அங்கேயும் தாமதமாகலாம்.

விமானத்தில் ஏறும்போது மட்டும் எல்லாரும் முந்த வேண்டியதில்லை. இருவர் இருந்தால் ஒருவர் பைகளோடு முதலில் ஏறட்டும். மற்றவர் குழந்தையைக் கடைசிவரை வெளியே நடமாட விடலாம்.

குழந்தை இருந்தால் சோதனையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். வரிசைதான் குறையும், குழந்தைக்கும் சோதனை உண்டு.