ராஜசேகரனுக்கு ஜோடி காளி

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், எல்லோருமே பணி ஓய்வு பெற்றவர்கள். மாதம் இரண்டு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடிப் பழைய படம் பார்க்கிறோம். முடிந்ததும் "அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இரண்டிரண்டு படமாகச் சேர்த்துப் பார்த்தால் பேச்சு வளரும் என்று நினைத்து, போன மாதம் 'தில்லு முல்லு'வையும் அதன் இந்தி மூலமான 'கோல்மா'லையும் ஒரே நாளில் போட்டோம். இரண்டாவது படத்தில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் எது ஒசத்தி என்று சண்டை. எப்படி ஜோடி சேர்ப்பது, எப்படிப் பேசுவது?
— ஒரு வாசகர், கோவை

பதில்: தூக்கத்துக்கு ஒரு காரணம், சண்டைக்கு இன்னொரு காரணம். சண்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'கோல்மால்' 1979, 'தில்லு முல்லு' 1981. இரண்டிலும் ஒரே கதை, ஒரே மீசைப் புளுகு. அப்படிப்பட்ட ஜோடியில் கேட்பதற்கு மிஞ்சுவது எது நல்லா இருக்கு என்ற ஒரே கேள்விதான். அதற்கு ஆளுக்கொரு பதில், அப்புறம் ரகளை. கதை ஒன்றாக இருப்பதைவிட முடிச்சு ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். முடிச்சு ஒன்று, சுற்றியிருப்பதெல்லாம் வேறு என்று இருந்தால் பேச்சு தானாக வளரும்.

'பாசமலர்' (1961), 'முள்ளும் மலரும்' (1978) இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அண்ணன், தங்கை, தங்கை விரும்பும் ஆள், அவனை ஏற்காத அண்ணன். முடிச்சு அதுவேதான். ஆனால் பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' படத்தில் அண்ணன் ராஜசேகரன் ஆலை முதலாளி, தங்கை ராதா விரும்பும் ஆனந்தன் அவனிடம் வேலை பார்க்கும் தொழிற்சங்கக்காரன். மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில் அது அப்படியே தலைகீழ்: அண்ணன் காளி விஞ்ச் ஓட்டும் தொழிலாளி, வள்ளியைக் கேட்பவர் அவனை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்த இன்ஜினியர். அண்ணனின் கோபத்தில் பாசம் எவ்வளவு, வர்க்கம் எவ்வளவு? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

முடிவுக் காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் "கைவீசம்மா" என்று சொல்லிச் சொல்லி அண்ணன் உருகுகிறான், அழுகை முழுவதும் பேச்சாகவே வந்துவிடுகிறது. மற்றதில் வள்ளி எல்லோரையும் விட்டு அண்ணனிடம் திரும்பி வருகிறாள். அவன் சம்மதிக்கிறான், ஆனாலும் மாப்பிள்ளையைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். வசனம் நின்று மௌனம் தொடங்கும் இடத்தை இரண்டிலும் குறித்து வாருங்கள். பதினேழு வருட இடைவெளியில் தமிழ்ப் படம் எப்படி மாறியது என்பதற்குத் தனிப் பாடம் தேவைப்படாது.

இனி தூக்கம். நம் பழைய படங்களில் பல, இரண்டரை மணிக்குக் குறையாது. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் ஐந்து மணி நேரம். அதற்கு மேல் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்? நீங்கள்தான் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறீர்களே, ஒரு ஞாயிறு ஒரு படம் போதும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள், போனால் முதல் படம் மறந்துவிடும். இரண்டாவது ஞாயிறு படத்துக்கு முன்னால் முதல் படத்திலிருந்து பத்து நிமிடம் ஒரு காட்சியைத் திரும்பப் போடுங்கள். அதற்கு முதல் தடவையே நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஒரே படம் யூடியூபில் ஐந்து பேர் ஏற்றியிருப்பார்கள், ஐந்தும் ஐந்து நீளம். குறித்த பிரதியையே திரும்பவும் போடுங்கள்.

பெரும்பாலும் பழையது முதலில். புதியதன் வேகத்துக்குக் கண் பழகிவிட்டால் பழையது இழுப்பதாகத் தோன்றும். இதற்கு விலக்கு, வாடகைக்குடித்தனத்தை வைத்துச் சேர்க்கக்கூடிய 'எதிர்நீச்சல்' (1968), 'வீடு' (1988) ஜோடி. கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' நாடகத்திலிருந்து வந்தது. மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் மாதுவைச் சுற்றி ஒரே சத்தம், கலகலப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பாட்டே இல்லாத பாலு மகேந்திரா படத்துக்குப் போனால் காது ஏமாந்துபோகும். 'வீடு' முதலில் இருக்கட்டும். தாத்தா பாதி கட்டிய சுவரைத் தடவிப் பார்க்கிற காட்சியைக் கண்டிப்பாகக் குறித்து வையுங்கள்.

பேச்சை நடத்த முறைவைத்து ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவர் மூன்று காட்சி தேர்ந்தெடுத்து வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பார்த்ததை மட்டும் சொல்லட்டும்: யார் எங்கே நின்றார், கேமரா யாரிடம் இருந்தது, பின்னணி இசை எப்போது நின்றது. பிடித்தது, பிடிக்காதது எல்லாம் அடுத்த சுற்றில். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்: நடிகர் பெயரைச் சொல்லக் கூடாது. சிவாஜி என்றோ ரஜினி என்றோ சொன்ன மறுநொடி ரசிகர் மன்றம் கூடிவிடும். ராஜசேகரன், காளி என்றே பேசுங்கள். பேச்சு படத்துக்குள்ளேயே நிற்கும்.

பிரதியை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது, பல மாலைகள் கெடுவது அதனால்தான். படத் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வந்தால் நிறுத்தி நீளத்தைப் படியுங்கள். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் என்று போட்டிருந்தால் 164 நிமிடம் வர வேண்டும். உங்கள் பிரதி 157 நிமிடம் என்றால் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 சட்டத்துக்கு (ஃப்ரேம்) பதில் டிவிக்காக 25 சட்டம் ஓட்டியிருப்பார்கள், குரல் சற்றுக் கீச்சென்று கேட்கும், அவ்வளவுதான். 135 நிமிடம் என்றால் பாட்டையோ காட்சியையோ வெட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள்.

டிவியிலும் ஒரு வேலை இருக்கிறது. சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறைக்கு முந்தைய படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம், 4:3. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விழத்தான் செய்யும். யாராவது ரிமோட்டை அமுக்கி நிரப்பினால் முகமெல்லாம் உப்பிவிடும், ஜூம் செய்தால் தலை போய்விடும். அசைவை மழமழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், அது இருந்தால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரித்தான் தெரியும். எழுத்து போடும்போதே மேல்வரி வெட்டுப்பட்டிருந்தால் பிரதியே நறுக்கியது. அதற்கு ரிமோட்டில் மருந்து கிடையாது.

அடுத்த ஜோடிக்கு 'அந்த நாள்' (1954), 'விருமாண்டி' (2004) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வது, குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) பிரபலப்படுத்திய உத்தி. எஸ். பாலசந்தர் படத்தில் ரேடியோ இன்ஜினியர் ராஜனின் கொலையைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். 'விருமாண்டி'யில் இரண்டே பேர், கொத்தாளத் தேவரும் விருமாண்டியும். கடைசியில் பேசுகிறவரைத்தான் படம் நம்பச் சொல்கிறதா? அப்படியானால் வரிசையை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொலையாளி யார் என்று தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால், முதல் ஞாயிறு அவர் வாய் திறக்கக் கூடாது.

'விருமாண்டி' மூன்று மணி நேரத்தை ஒட்டிய படம், அன்றைக்குப் பேச்சை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 'இடைவேளை' என்று திரையில் வரும்போதே காபிக்கு நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். நொறுக்குத்தீனியில் முறுக்கும் தட்டையும் தள்ளுபடி. ஆறு பேர் கடித்தால் 1954ஆம் வருட ஒலிப்பதிவில் ஒரு வசனமும் காதில் விழாது. சுண்டல் செய்துகொள்ளுங்கள்.