பன்னாட்டு நிறுவனத்தில் முடிவு யார் கையில்?

தலைமையகம் சொல்வதைத்தான் எல்லா நாட்டுக் கிளைகளும் செய்யுமா என்பது கேள்வி. அப்படி இல்லை, வேலைக்கு வேலை மாறும்.

பிராண்டு, காப்புரிமை, பெரிய முதலீடு ஆகியவை பெரும்பாலும் மையத்திடம். ஆள் சேர்ப்பு, விநியோகம், கடை விலை அந்தந்த நாட்டு மேலாளரிடம். தகராறு வருவது நடுவில்: மென்பொருள், சப்ளையர், பொருளின் வடிவம். இவற்றில் இறுதிச் சொல் யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் கோப்பு இரண்டு மேசைகளுக்கு நடுவே தூங்கும்.

அவசரமும் ஆபத்துதான். அமெரிக்காவின் சில்லறைக் கடை நிறுவனமான டார்கெட் 2013-ல் கனடாவுக்குள் நுழைந்து, அந்த ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் திறந்தது. புதிய மென்பொருளில் சரக்கு விவரங்களை அவசரமாகப் பதிந்ததில் சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் புகுந்தது. கிடங்கு பிதுங்கியது, அலமாரி காலி. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். பக்கத்து நாடு, பெரும்பாலும் ஒரே மொழி, அப்படியும்!

பலர் கவனிக்காதது உள்விலை, அதாவது ஒரு கிளை இன்னொரு கிளைக்கு விற்கும் விலை. ஒரு நாட்டு ஆலையில் 60-க்குத் தயாராகும் பொருளை இன்னொரு நாட்டுக் கிளை வாங்கி, கடைசியில் 120-க்கு விற்கிறது என்று வையுங்கள். உள்விலை 70 என்றால் ஆலைக்கு லாபம் 10, விற்கும் கிளைக்கு 50. அதுவே 100 என்றால் 40, 20. எந்த நாட்டில் வரி என்பது இதில் முடிவாகிறது. அதனால்தான் வரித்துறைகள் தொடர்பில்லாத இருவர் பேசியிருக்கக்கூடிய விலையைக் கேட்கின்றன. அதற்கான ஆவணம் கையில் வேண்டும். மேலாளரின் போனஸையும் இதே லாபத்தில் கணக்கிட்டால், உள்விலை குறைவாக இருக்கும்போது ஆலை மேலாளர் செய்யாத தவறுக்குத் தண்டனை அனுபவிப்பார்.