யார் காசு கொடுத்தார்கள்? பதின்வயதுக் குடி: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை வழங்கிவரும் ராயபுரம் பெண் ஒருவர், வடசென்னைவாசிகளின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கொருக்குப்பேட்டை, தாய்: பதினாறு வயது மகன் குடித்துவிட்டு வந்தான், மேடம். சேர்க்கை சரியில்லை. நண்பர்களை விட்டுவிடச் சொல்லலாமா?

விடமாட்டான், மறைப்பான். பையன்கள் கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்து ஊற்றுவதில்லை. காசிமேட்டில் லோடு இறக்கிக் கூலி வாங்கியவன் இன்று செலவு செய்கிறான். அடுத்த வாரம் உங்கள் மகன் முறை. அப்போது நழுவினால் கஞ்சன், பயந்தாங்கொள்ளி என்று இரண்டு பட்டமும் கிடைக்கும். அதனால் யாரோடு போனாய் என்று கேட்பதற்கு முன், யார் காசு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி உளவியலாளர்கள் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குடியைப் பற்றித் தனக்குத்தான் தயக்கம், மற்றவர்களுக்கு இல்லை என்றே பலரும் நம்பினார்கள். சில மாதங்களில் ஆண்கள் அந்தத் தப்புக்கணக்குக்கு ஏற்பத் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் மாற்றிக்கொள்ளவில்லை. ஊர் வேறு, வயதும் சற்றுக் கூடுதல். ஆனாலும் வியாசர்பாடிப் பையன்களிடம் தனித்தனியாகப் பேசினால் இதே தயக்கம்தான் வெளிவருகிறது.

தண்டையார்பேட்டை, தந்தை: என் மகனையும் சேர்க்கைதான் கெடுத்தது. என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள். காசு யாருடையது?

பெரம்பூர், கல்லூரி மாணவி: அப்படியென்றால் பெண்கள் தோழிகளின் பேச்சைக் கேட்பதே இல்லையா, அக்கா?

கேட்கிறார்கள், வழிதான் வேறு. நண்பர்களின் அழுத்தத்தைத் தாங்கும் திறன் 14 முதல் 18 வயதுக்குள் வளர்கிறது. அதில் பெண்கள் ஆண்களைவிட ஒரு படி மேலே இருப்பதாக ஸ்டைன்பெர்க், மோனஹன் ஆய்வு (2007) சொல்கிறது. நான் பார்த்தவரை, கூட்டம் அசைக்காத பெண்ணை ஒரே ஒரு நெருங்கிய தோழியோ, வயதில் மூத்த காதலனோ அசைத்துவிடுகிறார்.

புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டுநர்: இப்போது பெண்களும்தான் குடிக்கிறார்கள். பையன்களை மட்டும் குறை சொல்கிறீர்களே?

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் 25.4 சதவீதம், பெண்களில் 0.3 சதவீதம்.

அவரே: பெண்கள் உண்மையைச் சொல்வார்களா?

பலர் சொல்லமாட்டார்கள்தான். பத்து மடங்கு என்றே வையுங்கள், 3 சதவீதம். அப்போதும் உங்கள் வாதம் நிற்கவில்லை, ஐயா.

திருவொற்றியூர், ஆசிரியை: எண்ணிக்கை குறைவு என்று பெண்களை விட்டுவிடலாமா? பிடிபட்டால் பையனுக்குக் கண்டிப்பு, பெண்ணுக்குப் படிப்பே நின்றுவிடுகிறது.

நியாயமான கேள்வி. அந்தப் பயத்தில்தான் தோழி மயங்கிக் கிடந்தாலும் மற்றவள் வாயைத் திறப்பதில்லை. பெண் உடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், 108ஐ அழையுங்கள். திட்டுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் ஆட்டோ ஓட்டுநர்: என் மகளை யாரோடும் பழக விடுவதில்லை. எங்கள் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை.

அவளுக்கு ஓர் ஆபத்தென்றால் உங்களுக்கு முதலில் போன் செய்யப்போவது ஒரு தோழிதான். அவளையும் துரத்திவிட்டீர்கள்.

எண்ணூர், தாய்: மகனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க மருந்து உண்டா?

கலக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் உயிரே போகலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது மனநல உதவி எண் 14416இல் பேசுங்கள்.

வண்ணாரப்பேட்டை: பதினெட்டு முடிந்தால் குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறதல்லவா?

இல்லை. இங்கே 21.

ராயபுரம், மாணவன், 17: சாவு ஊர்வலத்தில் அண்ணன்மார்கள் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அக்கா. மறுத்தால் கிண்டல்.

காரணம் விளக்காதே தம்பி, விளக்கினால் விவாதம் நீளும். "நாளை மேட்ச் இருக்கிறது" என்று மட்டும் சொல். உன்னைப் போலவே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பவன் ஒருவன் அங்கே இருப்பான். அவன் பக்கத்தில் போய் நில். ஒருவனைக் கிண்டல் செய்வது எளிது, இருவரை அவ்வளவு எளிதில் முடியாது.