நெபுலாவை (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம்) படமெடுக்க எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம், எவ்வளவு வைக்க வேண்டும்? 30 விநாடி போதுமா, 5 நிமிடம் வேண்டுமா?

நீங்கள் ஊருக்குள்ளிருந்து எடுப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 30 விநாடி தாராளம். "5 நிமிடம் வை" என்று சொன்னவர்களை நம்பி ஒரு ஜனவரியையே வீணாக்கியவன் நான்.

சென்னையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி. 200 எம்எம் லென்ஸ், எஃப்/4, ஐஎஸ்ஓ 800, சின்னதாக ஒரு டிராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் கருவி). ஓரியன் நெபுலாவுக்கு 5 நிமிடம் வைத்தேன். ஒவ்வொரு படமும் வெள்ளைத் தாளாக வந்தது. நட்சத்திரங்களும் கோடு கோடாக இழுத்திருந்தன. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எனக்கு அது பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். டிராக்கரை எதை வைத்து அலைன் செய்வது?

கணக்கு பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு படத்தோடும் கேமராவின் ரீட் நாய்ஸ் (சென்சாரிலிருந்து படத்தைப் படிக்கும்போது வரும் இரைச்சல்) சேரும். வானத்து வெளிச்சம் அதை மூழ்கடித்துவிட்டால், அதற்குமேல் ஷட்டரைத் திறந்து வைப்பதில் பெரிய லாபமில்லை. ரீட் நாய்ஸ் 3 எலக்ட்ரான் என்றால் அதன் வர்க்கம் 9. அதைப்போல் பத்து மடங்கு, பிக்ஸலுக்கு 90 எலக்ட்ரான், வானத்திலிருந்து வந்தால் போதும். சென்னை வானம் அதை அரை நிமிடத்துக்குள் கொடுத்துவிடுகிறது. ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவே அடையாளம். ஜவ்வாது மலை இருட்டில் அதே லென்ஸுக்கு 3 நிமிடம் வைக்க வேண்டியிருந்தது.

மொத்த நேரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 30 விநாடியில் 240 படம், அதாவது 2 மணி நேரம் எடுத்து ஸ்டேக் செய்த (எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்த) அன்றுதான் நெபுலாவின் இறக்கைகளை முதன்முதலாகப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

நேரோபேண்ட் ஃபில்டர் (குறுகிய அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடுவது) போட்டு 5 நிமிடம், 10 நிமிடம் எடுப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஃபில்டர் வானத்து வெளிச்சத்தை வெட்டிவிடுவதால் உங்களுக்கு அது தேவை. நான் சொல்வது சாதாரண கலர் கேமராவுக்கு.

அந்த 2 மணி நேரமும் இப்போது எனக்குக் கிடைப்பதில்லை. டெலஸ்கோப் வைத்து வீடுகளை எட்டிப் பார்க்கிறேன் என்று யாரோ புகார் சொல்ல, அசோசியேஷன் இரவு 9 மணிக்கே மாடியைப் பூட்டுகிறது. என்னிடம் டெலஸ்கோப்பே கிடையாது. படங்களைக் கொண்டுபோய்க் காட்டியும் சாவி தரவில்லை. மனசு ஆறவே இல்லை.

ஓரியன்தான் எடுக்கிறீர்கள் என்றால் 5 விநாடியில் முப்பது படம் தனியாக எடுத்து வையுங்கள். அதன் நடுப்பகுதி 30 விநாடியிலேயே வெளுத்துவிடும்; அந்த இடத்தில் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.